பேரேடா, செல்போனா?

பனித்திட்டிலிருந்து என் பள்ளித் தோழனின் அப்பா ஆளனுப்பியிருந்தார். "தம்பி, நீ பி.காம். படிச்சவன். ஒரு கணக்கைத் தீர்த்து வைக்கணும்!"

போனால், மேஜை மேல் இரண்டு பைபிள்கள். ஒன்று, கறுப்பு அட்டை போட்ட கனமான புத்தகம். மற்றது, கத்தாரிலிருந்து மகன் அனுப்பிய செல்போனுக்குள் இருந்தது.

"எதை வச்சுக்கிறது?"

"மாமா, நான் பி.காம்.தான். பி.டி. இல்லையே!" என்று நழுவப் பார்த்தேன். விடவில்லை.

பிரச்னை பக்தியில் இல்லை, கண்ணில். ரிடையர்டு வாத்தியார். விடியற்காலையில் ஓர் அதிகாரம் படிக்காமல் காபியைத் தொடமாட்டார். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் பொடி எழுத்து பிடிபடவில்லை. மூன்று மாதமாக வெறும் காபிதான்!

தாளில் கோடு போட்டு, இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று ஆரம்பித்தேன்.

பொடி எழுத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் ரொம்பப் பெரிசு. காகிதமோ தட்டுப்பாடு. சீகன்பால்க் குழுவினர் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்து, 1714-15-ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார்கள். 1719-ல் அவர் இறந்தபோது வயது 36. (அந்த வயசை நெருங்கும் நான் இன்னும் வருமான வரிப் படிவத்தையே ஒழுங்காக நிரப்பியதில்லை!)

நம்ம புதுச்சேரிக்கும் இதில் பங்கு உண்டு. 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபோது, இங்கிருந்த அச்சு இயந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அதை வைத்துத் தொடங்கிய வேப்பேரி அச்சகத்தில்தான் 1772-ல் ஃபெப்ரீஷியசின் தமிழ்ப் புதிய ஏற்பாடு வந்தது.

ஆக, காகிதத்துக்காகச் சுருங்கிய எழுத்தை, காகிதமே இல்லாத செல்போனில் விரலால் விரித்துப் பெரிதாக்கலாம். வரவு ஒன்று! கண் களைத்தால் காதால் கேட்கலாம். வரவு இரண்டு! முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் நெட் கூட வேண்டாம்.

"வார்த்தையும் தேடலாமாமே?" என்றார் மாமா.

தேடலாம். ஆனால் தமிழ் லேசில் சிக்காது. எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும் செயலியில் 'அன்பு' என்று தேடினால் 'அன்பை', 'அன்பின்' எல்லாம் நழுவிவிடும். பழைய மொழிபெயர்ப்பில் 'ஞானஸ்நானம்' என்றிருப்பது 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'திருமுழுக்கு'. அதனால் முதலில் எந்த மொழிபெயர்ப்பு என்று முடிவு பண்ணுங்கள். காகிதமா, கண்ணாடியா என்பது அப்புறம்.

பற்றும் உண்டு. படிக்கும்போதே வாட்ஸ்அப் 'டொய்ங்' என்று கூப்பிடும். கோயிலில் போனைப் பார்த்தால், பக்கத்து பெஞ்ச்காரர் கிரிக்கெட் ஸ்கோர் என்றே நினைப்பார்!

மொத்தம் போட்டேன். செல்போன் பக்கமே லாபம்.

"அப்ப புத்தகத்தை யாருக்காவது கொடுத்துடலாமா, மாமா?"

பதில் இல்லை. மெதுவாக அட்டையைத் திறந்தார். 2004 டிசம்பர் 26-ல் கடல் வீட்டுக்குள் வந்தபோது நனைந்து, மாடியில் காயப்போட்ட புத்தகம். தாள்கள் உப்பி அலையலையாக இருந்தன. முதல் பக்கத்தில் மாமியின் கையெழுத்தில் கல்யாணம், பிள்ளைகள் பிறந்த தேதிகள். கடைசி வரி மாமா எழுதியது... மாமி போன தேதி.

"பேத்தி பொறந்து ஆறு மாசம் ஆச்சு, தம்பி. இன்னும் எழுதல. கோடு தெரிய மாட்டேங்குது."

பேனாவை நீட்டினார். மாமியின் வரிகளுக்குக் கீழே, நான் எழுதினேன். கை கொஞ்சம் நடுங்கியது.

அப்புறம் தீர்ப்பு சொன்னேன்: "மாமா, செல்போன் உங்க குறிப்பேடு, தினமும் புரட்டுங்க. இது பேரேடு. பேரேட்டை யாராவது தூக்கிக் கொடுப்பாங்களா?"

மறுநாள் விடிகாலை அவரிடமிருந்து போன்.

"தம்பி, ஓர் அதிகாரம் முடிச்சுட்டேன். இப்பதான் காபி குடிக்கிறேன்!"