வாயினுள் உலோகம்

கடற்கரையிற் கிடக்கும் இரும்பு துருப்பிடிப்பது யாவரும் அறிந்ததே. உப்பும் ஈரமும் காற்றும் கூடுமிடத்தில் உலோகம் அரிபடும். மனிதனின் வாயும் அத்தகையதோர் இடமே. உமிழ்நீரில் உப்புக்கள் கரைந்துள்ளன. உணவிலுள்ள சர்க்கரையைப் பற்றீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. இவற்றோடு, மெல்லும்போது உண்டாகும் அழுத்தமும் உராய்வும் சேருகின்றன. ஆகவே, சூத்தைப் பல்லை அடைக்கும் உலோகம் அரிப்பு, தேய்வு ஆகிய இரண்டையும் ஒருங்கே எதிர்த்து நிற்றல் வேண்டும்.

பல் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட வெள்ளிநிற அடைப்பு இரசக்கலவையாகும். வெள்ளி, வெள்ளீயம், சிறிது செம்பு ஆகியவை கலந்த தூளை, ஏறக்குறைய அதேயளவு நிறையுள்ள இரசத்துடன் குழைத்தால் மென்மையான களி உண்டாகும். பல்லின் குழியில் அடைத்தபின் அது இறுகிவிடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்கப் பல் வைத்திய அறிஞர் ஜீ. வி. பிளாக் இக்கலவையின் அளவுகளை ஆராய்ந்து வகுத்தார்.

இறுகிய அடைப்பு கண்ணுக்கு ஒரே பொருளாகத் தோன்றினும், நுணுக்குக்காட்டி அதில் மூன்று பகுதிகளைக் காட்டும். இரசத்துடன் சேராது எஞ்சிய தூள்மணிகள் ஒன்று. வெள்ளியும் இரசமும் சேர்ந்தது மற்றொன்று. வெள்ளீயமும் இரசமும் சேர்ந்தது மூன்றாவது. அளவிற் சிறிய இம்மூன்றாவது பகுதியே யாவற்றிலும் வலிமை குன்றியது. உமிழ்நீர் முதலில் இதனையே அரிக்கிறது. அப்போது விடுபடும் இரசம், எஞ்சிய தூள்மணிகளோடு மீண்டும் சேருகிறது. இதனால் விளிம்பு பலங்குன்றி, மெல்லும் பாரத்தைத் தாங்காது உடைகிறது. உடைந்த இடத்திற் சூத்தை மீண்டும் தொடங்கலாம்.

எனினும் அரிப்பினால் ஒரு நன்மையும் உண்டு. அதன் விளைபொருள்கள் அடைப்புக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள நுண்ணிய வெளியிற் படிந்து, அதனை மெல்ல மெல்ல மூடுகின்றன.

1963இல் கனடாவைச் சேர்ந்த இன்னஸ், யூடெலிஸ் என்போர், வெள்ளியும் செம்பும் சேர்ந்த சிறு மணிகளைத் தூளிற் கலந்தனர். இரசத்தை நாடவேண்டிய வெள்ளீயத்தைச் செம்பு தன்பால் இழுத்துக்கொண்டது. மெலிந்த அப்பகுதி பெரும்பாலும் மறைந்தது. விளிம்பு உடைவதும் குறைந்தது.

பல்லுக்கு மேலுறையாகவும் செயற்கைப் பற்களைத் தாங்கும் தட்டாகவும் வேறு கலப்புலோகங்கள் பயன்படுகின்றன. கோபாற்றும் குரோமியமும் சேர்ந்த கலவையைக் காப்பது, அதன்மேற் படரும் மிக மெல்லிய குரோமிய ஒட்சைட்டுப் படலமாகும். உராய்வு அதனைச் சுரண்டினாலும் படலம் விரைவில் மீண்டும் உண்டாகும். ஆனால் ஓயாத தேய்வு அரிப்புக்கு வழிதிறக்கும். அன்றியும், மிகக் கடினமான உலோகமே சிறந்ததென எண்ணுதல் தவறு. மேலுறை மிகக் கடினமாயின், எதிரேயுள்ள இயற்கைப் பல் தேய்ந்துபோகும். தங்கம் மிகுந்த கலவைகள் மதிக்கப்பட்டதற்கு, அவை அரிபடாமை மட்டுமன்றி, எதிர்ப்பல்லை அதிகம் தேய்க்காமையும் காரணமாகும்.

இரசத்தினாற் சூழலுக்கு நேரும் கேட்டைக் கருதி, 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை இவ்வடைப்பின் பயன்பாட்டைக் குறைக்குமாறு வேண்டிற்று. 2025 சனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவத் தேவை இருந்தாலன்றி இதனைத் தடைசெய்தது. ஆயினும் வாயில் உறுதியாக இருக்கும் பழைய அடைப்பை அச்சத்தினால் அகற்றுவித்தல் நன்றன்று. அகற்றும்போது இரச ஆவி வெளிப்படுவதோடு, நல்ல பல்லின் பகுதியும் இழக்கப்படும். மருத்துவத் தேவையின்றி அதனை அகற்ற வேண்டாமென்று அமெரிக்க உணவு மருந்து நிருவாகமும் 2020இல் அறிவுறுத்தியது. விளிம்பு உடைந்ததா, சூத்தை தொடங்கியதா என்று பல் வைத்தியரைக்கொண்டு காலந்தோறும் பார்ப்பித்தலே தக்கது.