விசைமிகு கார்களுக்கு ஏற்ற மாற்றுப் பிளக்

பெட்ரோல் எஞ்சினின் எரிப்பறையில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவையைப் பற்றவைப்பது தீப்பொறிச் செருகியாகும். பட்டறைகளில் இதனைப் ‘பிளக்’ என்றே வழங்குவர். விரலளவே உள்ள இக்கருவி தவறாகத் தேர்ந்தெடுக்கப்படின் விலைமிக்க எஞ்சினே பாழாகக்கூடும். அந்தமானில், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரைச் சார்ந்த மின்னி பே போன்ற இடங்களில் இடர் இன்னும் மிகுதி. சென்னையிலிருந்து கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பல் வந்துசேர மூன்று நாள் அளவில் ஆகும். ஆதலின், கடையில் கிடைத்த பிளக்கைத் திருகிவைத்துக் காலந்தள்ளும் எண்ணம் எழுவது இயல்பே. டர்போ பொருத்திய விசைமிகு கார் அதனைப் பொறுத்துக்கொள்வதில்லை.

தேர்வில் முதன்மையானது வெப்பத் தரம். ஓடும் எஞ்சினில் பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 முதல் 850 டிகிரி சென்டிகிரேட் வரை சூடேறியிருத்தல் வேண்டும். அதற்குக் குறைந்தால் படியும் கரி எரிந்து நீங்காது, பொறி வலுவிழக்கும். மிகுந்தால் நுனியே தணல்போலாகி, பொறி தோன்றுமுன்னரே கலவையைப் பற்றவைக்கும். இம்முன்னெரிவு சில நொடிகளில் பிஸ்டனைத் துளைத்துவிட வல்லது. நுனியிலுள்ள பீங்கான் நீண்டிருந்தால் வெப்பம் உலோக உறையை அடைய நெடுவழி செல்லவேண்டும்; அது ‘சூடான’ பிளக். குறுகியிருந்தால் வெப்பம் விரைந்து வெளியேறும். அது ‘குளிர்ந்த’ பிளக். ஒருமுனை கொதிநீரிலும் மறுமுனை ஈரத்துணியிலுமாக, நீளம் வேறுபட்ட இரு இரும்புக் கம்பிகளை வைத்து ஆசிரியர்கள் இதனை வகுப்பில் விளக்கலாம்.

உறைமீது அச்சிட்ட எண்ணைக் கொண்டு இத்தரத்தை அறியலாம். ஆனால் இங்கேதான் குழப்பம் நேர்கிறது. என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் எண் கூடக் குளிர்ச்சி கூடும். பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடச் சூடு கூடும். பாஷ் நிறுவனமே முன்னாளில் 145, 175, 225 என்று எதிர்முறையில் எண்ணிட்டு வந்தது! எனவே ஒரு தயாரிப்பின் எண்ணை மற்றொன்றுக்குப் பொருத்திப் பார்த்தல் ஆகாது. ஒப்பீட்டு அட்டவணையை நோக்குதலே முறை.

எஞ்சினில் மாற்றம் செய்யாத காருக்குக் கையேடு கூறும் தரமே போதுமானது. குளிர்ந்த பிளக் வேகத்தைக் கூட்டும் என்பது வீண் நம்பிக்கை. டர்போவின் அழுத்தத்தை உயர்த்தித் திறனைப் பெருக்கியிருந்தால் மட்டுமே ஒருபடி குளிர்ந்தது தேவைப்படும். 75 முதல் 100 குதிரைத்திறன் கூடுதலுக்கு ஒருபடி என்பது தோராயக் கணக்கு. சோழவரத்தின் பழைய விமானத்தளத்தில் நெடுங்காலம் நடந்த பந்தயங்களைப் போன்று இடைவிடாத முழுவேக ஓட்டம் தீவுச் சாலையில் நிகழ்வதில்லை. பந்தயத்துக்குரிய பிளக் இங்குக் கரி பிடித்தே கெடும்.

அழுத்தம் கூடினால் மின்வாய்களின் இடைவெளியைத் தாண்டுவதற்கு மிகுந்த மின்னழுத்தம் வேண்டும். இதனாலேயே அத்தகைய எஞ்சின்களில் இடைவெளியைச் சற்றுக் குறைப்பர். இரிடியம் முனை மெல்லியது. அளவுகோலை நெம்பித் திருத்தினால் ஒடிந்துவிடும். 2,400 டிகிரிக்கும் மேலே உருகும் அவ்வுலோகம் நெடுநாள் உழைக்குமாதலால், வழங்கீடு அரிதான தீவுகளில் அதன் கூடுதல் விலை பொருட்படுத்தத்தக்கதன்று. மரையின் விட்டமும் நீளமும் மாறலாகாது. நீளம் மிகுந்தால் பிஸ்டன் முட்டும். குறைந்தால் வெற்று மரையில் கரி படியும்.

உப்புக் காற்றினால் எஃகு உறை துருவேறி அலுமினியத் தலைப்பகுதியில் இறுகிவிடும். எஞ்சின் நன்கு ஆறியபின்னரே கழற்றுதல் வேண்டும். சூட்டில் கழற்றினால் மரை பெயர்ந்துவரும். மரைக்கு மசகு தடவுவதைத் தயாரிப்பாளர் பலர் விலக்குகின்றனர். வழுக்கலால் முறுக்கு அளவு மீறும். வாஷர் உள்ள புதிய 14 மில்லிமீட்டர் பிளக்கைக் கையால் இறுதிவரை திருகியபின், சாவியால் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குள் நிறுத்துதல் போதும். பீங்கானின் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, ரப்பர் உறையை இறுகப் பொருத்துக. ஈர உப்புப் படலம் இருப்பின் மின்சாரம் அதன்வழியே ஓடிவிடும்.