வந்து வந்து போகும் கோளாறு

கோளாறுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அடியோடு நின்றுபோவது. அது நல்ல கோளாறு, ஓடி ஒளியாது. மற்றொன்று, வந்து வந்து போவது. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாம் போய் நின்றால், ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். திரும்பி வந்து காப்பித் தம்ளரைக் கையில் எடுத்ததும் மறுபடி தகராறு. ரயில்வே சிக்னல் பிரிவில் காலம் தள்ளிய என்னைப் போன்றவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது இந்த இரண்டாவது வகைதான்.

தண்டவாளத்தில் ஒரு முனையிலிருந்து சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, மறுமுனையில் ரிலே ஒன்றை வைத்திருப்போம். ரயில் வந்தால் சக்கரங்கள் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். மழைக்காலத்தில் ஜல்லி நனைந்து மின்சாரம் அதன் வழியே கசிந்தால், ரயில் இல்லாமலேயே ரிலே விழும். வெயில் அடித்ததும் சரியாகிவிடும். இதைப் பிடிக்க எங்களிடம் இருந்த முதல் ஆயுதம் மீட்டர் அல்ல, கோளாறுப் பதிவேடு. எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு நேரம், மழையா வெயிலா என்று எழுதிய வரிகளைச் சேர்த்துப் படித்தால் கோளாறு தானே வாயைத் திறக்கும்.

இந்தப் பழைய வித்தை வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

செம்பூரில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம். அம்மாவும் மகளும் மட்டும். மகள் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் மூலம் வாடிக்கையாளர்களின் அழைப்புகளைக் கவனிக்கிறாள். அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது. கூடத்தில் ரூட்டர், உள்ளறையில் கம்ப்யூட்டர், இடையே நீளமான கேபிள். இணைப்பு தினமும் நாலைந்து முறை அறுந்தது. பேச்சு நடுவில் நின்றால் பழி அவள் மேல். மேலிடத்திலிருந்து இரண்டு எச்சரிக்கைகள் வந்துவிட்டன. பழுது பார்க்க வந்தவரோ, போர்டு போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நாற்பதாயிரத்துக்கு நான் எங்கே அண்ணா போவேன்?" என்றார் அந்த அம்மாள்.

"முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள்" என்றேன்.

வீட்டுக்குள்ளா, வெளியிலா?

ஸ்டேஷன் எல்லைக்குள் கோளாறா, அதற்கு அப்பாலா என்பதுதான் எங்கள் முதல் கேள்வியாக இருக்கும். இங்கும் அதே கேள்விதான். கம்ப்யூட்டரில் 'பிங்' என்றொரு கட்டளை இருக்கிறது. ஓர் எண்ணுக்குக் குரல் கொடுத்து, பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். நாமாக நிறுத்தும் வரை ஓடும்படி அதை இரண்டு ஜன்னல்களில் போடவேண்டும். ஒன்று வீட்டு ரூட்டரின் எண்ணுக்கு. பல வீடுகளில் இது 192.168.1.1 அல்லது 192.168.0.1. பெரும்பாலும் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். மற்றது வெளியே, கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணுக்கு. ரூட்டர் தொடர்ந்து பதில் சொல்ல, வெளி எண் மட்டும் மௌனமானால், இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடலாம். ரூட்டரிடமிருந்தே பதில் வராவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் நம் வீட்டுக்குள்தான்.

இவர்கள் வீட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றன. ஆகவே கேபிள், ரூட்டர், கம்ப்யூட்டர் மூன்றில் ஒன்று. வேறொரு சிறிய கேபிளை வாங்கி, கம்ப்யூட்டரை ரூட்டர் பக்கத்திலேயே ஒரு நாள் முழுதும் வைத்து ஓட்டினோம். ஒரு முறைகூட அறவில்லை. போர்டு தப்பித்தது, சந்தேகம் பழைய கேபிள் மேல் விழுந்தது.

எட்டுக் கம்பிகளின் கதை

இந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடிகள் போதும். 1999-இல் தரப்படுத்தப்பட்ட 1000 மெகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும். இரு முனைக் கருவிகளும் 1000-க்கு ஏற்றவையாக இருந்தும் திரையில் 100 என்று காட்டினால், ஏதோ ஒரு கம்பி சரியாகத் தொடவில்லை என்று சந்தேகிக்கலாம். பழைய கேபிளைத் திரும்பப் போட்டபோது சில வேளை 1000, சில வேளை 100 என்று மாறி மாறிக் காட்டியது.

எங்கே அடி பட்டது? அதை நோட்டுப் புத்தகம் சொன்னது. நாலு நாள் கணக்கில் பெரும்பாலானவை காலை ஒன்பதரையை ஒட்டியும் மாலை நாலை ஒட்டியும் இருந்தன. "அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கும்?" என்று கேட்டேன்.

"ஒன்பதரைக்குப் பால்கனியில் துணி உலர்த்துவேன், நாலு மணிக்கு எடுப்பேன்" என்றார் அம்மாள்.

கேபிள் பால்கனியைச் சுற்றி, கதவின் கீல் ஓரமாகத்தான் உள்ளறைக்குள் நுழைந்திருந்தது. பிங் ஓடும்போதே கதவைத் திறந்து மூடினேன். இரண்டாம் முறை பதில் நின்றது. கீல் பல மாதங்களாகக் கேபிளை நசுக்கியிருக்கிறது. புதுக் கேபிளை வேறு வழியாகச் சுவரோரம் கொண்டுபோனோம். செலவு சில நூறு ரூபாய்தான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாமல் தப்பினார்கள்.

பிற சந்தேக நபர்கள்

கேபிள் முனையின் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தால் பிளக் தளர்ந்து ஆடும். ரூட்டரில் வேறு துளையில் செருகிப் பார்க்கவும். சில மலிவுக் கேபிள்களின் கம்பி செம்பு பூசிய அலுமினியம். மடித்தால் சீக்கிரம் முறியும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்கவும். கம்ப்யூட்டர் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, நெட்வொர்க் அட்டையைத் தூங்க வைப்பதும் உண்டு. அந்த வசதியை நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

பணி ஓய்வு பெற்ற அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வேலைக்கு ஓடும் பிள்ளைகளுக்குப் பதிவேடு எழுத நேரமில்லை. நமக்கு நேரமும் இருக்கிறது, கடிகாரம் பார்த்து எழுதும் பழக்கமும் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் யாராவது, "இண்டர்நெட் வந்து வந்து போகிறது" என்றால், ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.