பசுமலை

பெரியார் பேருந்து நிலையத்தில் திருப்பரங்குன்றம் பஸ்ஸில் ஏறி, பழங்காநத்தம் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும் சாலையோரத்தில் ஒரு கற்குன்று எதிர்ப்படும். முருகன் சந்நிதியை நாடி விரையும் பக்தர்களில் பெரும்பாலோர் அதைக் கண்ணெடுத்தும் பாரார். ஆயினும் மதுரை மாநகரின் கல்விச் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்றை இக்குன்றின் அடிவாரத்திலேதான் தொடங்கியாக வேண்டும்.

பெயர்க் காரணம் புராண சம்பந்தமானது. மதுரையை நாசம் செய்யும் நோக்கத்துடன் சமணர்கள் வேள்வி வளர்த்து ஏவிய மாயப் பசு, சோமசுந்தரக் கடவுள் அனுப்பிய நந்தியின் முன் உயிரிழந்து மலையாய்ச் சமைந்தது என்பது திருவிளையாடற் புராணக் கதை. யானைமலைக்கும் நாகமலைக்கும் இத்தகைய கதைகளே உண்டு. ஊரை அழிக்க வந்த பகையெல்லாம் ஊரைச் சுற்றிக் கல்லாய்க் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்ட மதுரைக்காரரின் நெஞ்சுரம் மெச்சத்தக்கது!

யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், திருமங்கலத்தில் நடத்திவந்த தனது பாடசாலையை 1845-இல் இக்குன்றின் அடிக்கு மாற்றிற்று. உபதேசிமாரையும் உபாத்தியாயர்களையும் பயிற்றுவித்த அந்த ஸ்தாபனத்தைச் சுற்றி விடுதிகளும், ஆலயமும், லெனாக்ஸ் என்னும் பெயருடைய அச்சுக்கூடமும் படிப்படியாகத் தோன்றின. 1881-இல், வாஷ்பர்ன் என்ற பாதிரியாரின் பெருமுயற்சியால், கல்லூரி வகுப்புகளும் இங்கே ஆரம்பமாயின. அக்கல்லூரி 1904-இல் நகருக்குள் பெயர்ந்து, 1909-இல் வைகையின் வடகரையிலுள்ள தல்லாகுளத்தை அடைந்து, இன்று அமெரிக்கன் கல்லூரி என விளங்குகிறது. அது தன் பிறந்த ஆண்டை 1881 என்றே கணக்கிடுகிறது. ஆனால் பிறந்த வீட்டின் பெயரைக் கேட்டால், சிவந்த செங்கற் கட்டடங்களின் நிழலில் நிற்கும் மாணவர்களில் எத்தனை பேர் பசுமலை என்பார்கள்?

பட்டணத்தின் கல்வியும் தொழிலும் புறநகருக்குப் பரவுவதுதான் உலக வழக்கம். பசுமலையோ பட்டணத்துக்குக் கொடுத்த ஊர். நூற்பாலையும் பின்னாளில் இங்கே வந்தது. ஆலைத் துரைமார் குன்றின்மேல் குடியிருந்த பங்களா இப்போது பெரிய ஹோட்டலாகிவிட்டது. இவற்றைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்வது, எட்டயபுரத்தில் பாரதியாருக்கு இளமைத் தோழராயிருந்து, வக்கீலாகவும், 1933 முதல் 1938 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கிய நாவலர் சோமசுந்தர பாரதியார், வசிப்பதற்கு இந்த ஊரைத் தேர்ந்துகொண்டது. தொல்காப்பியத்துக்குப் புத்துரை வகுத்த அவர் 1959-இல் மறைந்தார்.

தமிழுக்கும் இவ்வட்டாரத்துக்கும் உள்ள தொடர்பு அவரோடு தொடங்கியதன்று. பசுமலைக்கு அடுத்த விளாச்சேரியிலேதான், சூரியநாராயண சாஸ்திரி என்ற தம் வடமொழிப் பெயரைப் பரிதிமாற் கலைஞர் என்று தமிழாக்கிக்கொண்டவர் 1870-இல் பிறந்தார். அவ்வூர்த் தெருக்களில் நவராத்திரிக்கு முந்திய மாதங்களில் நடந்தால், திண்ணையிலும் வாசலிலும் தலை வேறு உடல் வேறாக உலர்ந்துகொண்டிருக்கும் மண்பொம்மைகளையும், அவற்றுள் ஒன்றை மடியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் கடைசியாகக் கண் எழுதும் பெண்களையும் காணலாம்.

இவ்வருஷக் கொலுவுக்குப் பொம்மை வாங்க நினைப்பவர்கள், நகரக் கடைகளோடு நின்றுவிடாமல், பசுமலை வழியாக விளாச்சேரிக்கே ஒருமுறை போய் வாருங்கள். ஆவணி மாதமே போய்விடுவது உத்தமம்.