ரைபிள் போல்ட்டின் கைப்பிடியும் இரண்டாவது வேட்டும்

காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவிற்குள் நிலக்கடலை, மரவள்ளி, கரும்பு முதலிய பயிர்களைக் கிளறிப் பாழாக்கும் என்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிய அதிகாரியின் உத்தரவின்றி அவற்றைச் சுடுதல் குற்றமாகும். உத்தரவு பெற்றுச் சுடுமிடத்தும் முதல் வேட்டு உயிர்நிலையில் படாமற் போதல் உண்டு. காயம்பட்ட பன்றி கரும்புத் தோட்டத்திற்குள் புகுந்து பதுங்குமாயின், மறுநாட் காலையில் அங்கு வேலைக்குச் செல்வோர்க்கு உயிராபத்து நேரிடக்கூடும். ஆதலால் இரண்டாவது வேட்டு தாமதமின்றி அமைதல் வேண்டும். அவ்வேகம் சுடுவோனது தோள்வலிமையைக் காட்டிலும், ரைபிளின் பக்கத்திலுள்ள ஒரு சிறு இரும்புக் கைப்பிடியின் அமைப்பையே பெரிதும் பொறுத்ததாகும்.

போல்ட்டு என்பது கதவின் தாழ்ப்பாளை ஒத்த ஓர் உருளை. அது குழலின் பின்வாயை அடைத்து நிற்கும். ஒரு வேட்டு தீர்ந்தபின் அதன் கைப்பிடியை மேலே தூக்குதல், பின்னே இழுத்தல், முன்னே தள்ளுதல், கீழே மடக்குதல் என்னும் நான்கு செய்கைகள் நடைபெற வேண்டும். தூக்கும்போது பூட்டு விடுபட்டு, வெற்றுத் தோட்டாக்கூடு சற்றே இளகும். இழுக்கும்போது கூடு வெளியே வீசப்படும். தள்ளும்போது புதுத் தோட்டா குழலுட் செல்லும். மடக்கும்போது மீண்டும் பூட்டு விழும்.

முதலாவதாக, கைப்பிடி இருக்குமிடத்தைக் கவனிக்க வேண்டும். 1891-ஆம் ஆண்டில் ருஷ்யா ஏற்றுக்கொண்ட மோசின்-நகாந்த் ரைபிளிலும், 1898-ஆம் ஆண்டில் ஜெர்மனி ஏற்றுக்கொண்ட மௌசர் ரைபிளிலும் கைப்பிடி வளைவின்றிப் பக்கவாட்டில் நேராக நீட்டிக்கொண்டிருந்தது. விசையை விட்ட கை வெளியே சென்று அதனைப் பற்றி, மறுபடியும் விசைக்குத் திரும்ப வேண்டும். 1935-ஆம் ஆண்டில் ஜெர்மனி ஏற்ற குறுகிய மௌசரில் கைப்பிடி கீழ்நோக்கி வளைக்கப்பட்டது. அவ்வாறு வளைந்து, குமிழ் விசைக்கு அருகே வந்து நிற்குமாயின், கை செல்லும் தூரம் குறையும், துப்பாக்கியைத் தோளினின்றும் இறக்காமலே போல்ட்டை இயக்கலாம், குறியும் கலையாது.

இரண்டாவதாக, கைப்பிடி எவ்வளவு திரும்புகின்றது என்பதாகும். மௌசர் வகையில் ஏறக்குறைய 90 பாகை தூக்க வேண்டும். அன்றியும், அடியூசியின் சுருள்வில் தூக்கும்போதே இறுகுவதால் கைக்கு எதிர்ப்பு அதிகம். மேலே தூரதிருஷ்டிக் கண்ணாடி பொருத்தினால் நேரான கைப்பிடி அதன்மேல் இடிக்கும். இக்காரணம் பற்றியே, கண்ணாடி பொருத்திய ருஷ்ய ரைபிள்களுக்கு நீண்டு வளைந்த கைப்பிடி தனியே அமைக்கப்பட்டது. ஆங்கிலேயரின் லீ-என்பீல்டு ரைபிளிலோ ஏறக்குறைய 60 பாகை தூக்கினாற் போதும். வளைந்த கைப்பிடி விசைக்கு மிக அணித்தாக உள்ளது. சுருள்வில்லும் முன்னே தள்ளும்போதுதான் இறுகுகின்றது. 1914-ஆம் ஆண்டுக்கு முன் ஆங்கிலப் பட்டாளத்தார் 300 கஜ தூரத்திலுள்ள இலக்கில் ஒரு நிமிஷத்திற்கு 15 வேட்டுகள் சுடப் பழக்கப்பட்டமைக்கு இவ்வமைப்பு பெருந்துணையாயிற்று. நம் நாட்டில் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையிற் செய்யப்பட்ட .315 அளவு ரைபிளும் இந்த லீ-என்பீல்டு அமைப்பைத் தழுவியதே.

மூன்றாவதாக, நீளமும் குமிழின் வடிவமும் ஆம். பாறையைப் பெயர்க்க நீண்ட கடப்பாரை எவ்வாறு எளிதோ, அவ்வாறே நீண்ட கைப்பிடி இறுகிய கூட்டை எளிதில் இளக்கும். ஆனால் மிக நீண்டது முட்செடியில் மாட்டிப் போல்ட்டைத் திறந்துவிடவும் கூடும். 1903-ஆம் ஆண்டின் மான்லிகர்-ஷோனாவர் வேட்டை ரைபிளில் தட்டையான கைப்பிடி துப்பாக்கியின் உடலோடு ஒட்டிக் கிடக்கும். சுமந்து செல்ல அது வசதியானது. உருண்டு பருத்த குமிழோ, வியர்த்த கைக்கும் இருளில் தடவும் கைக்கும் எளிதில் அகப்படும்.

பிடி சரியாக அகப்படாதவன் செய்யும் பெரும்பிழை, போல்ட்டை அரைகுறையாக இழுத்தலாம். முழுதும் இழுக்காவிடில் வெற்றுக்கூடு வெளியேறாது; அல்லது புதுத் தோட்டா ஏறாமல், போல்ட்டு வெறுமையாக மூடிக்கொள்ளும். பன்றி எதிர்த்து வரும் சமயத்தில் இதனினும் பெரிய அபாயம் வேறில்லை.

ஆதலின் லைசென்ஸ் பெற்றோர் பின்வருவனவற்றை மனத்திற் கொள்ளுதல் நலம்:

1. ரைபிள் வாங்குமுன் அதனைத் தோளில் வைத்தபடியே, குமிழ் கைக்கு எட்டுகின்றதா என்று பார்க்க வேண்டும். இடக்கைப் பழக்கமுடையோர்க்கு வலப்புறக் கைப்பிடி தாமதம் விளைக்கும்.

2. மருந்தில்லாப் பயிற்சித் தோட்டாக்களைக் கொண்டு, குழலை ஆபத்தற்ற திசையில் நோக்கி வைத்து, போல்ட்டை முழுதும் இழுத்து முழுதும் தள்ளப் பழக வேண்டும். வேகம் பின்னர்த் தானே வரும்.

3. நேரான கைப்பிடியை வளைக்கும் பொருட்டுக் கொல்லனுலையிற் காய்ச்சுதல் ஒருபோதும் கூடாது. சூடேறினால் பூட்டுப்பற்களின் பதம் இளகும். பின்னர் வேட்டின் அழுத்தத்தைப் பற்கள் தாங்காவிடில், போல்ட்டு சுடுவோன் முகத்தின்மேற் பாயும். அன்றியும், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி செப்பனிடுவோர் அதற்குரிய லைசென்ஸ் பெற்றிருத்தல் வேண்டும். கிராம அதிகாரிகள் இதனைத் துப்பாக்கியுடையோர்க்கு எடுத்துக் கூறுவது நன்று.

கைப்பிடி எவ்வளவு விரைவாக இயங்கினும், இருளில் அசைவது பன்றியா, காவற்காரனா, கட்டவிழ்ந்த கன்றா என்று தெளியுமுன் விசையில் விரல் வைத்தலாகாது. போல்ட்டில் வேகமும் பார்வையில் நிதானமும் சேர்ந்தவனிடத்திலேயே ரைபிள் பயிருக்குக் காவலாகும்.