ஆபத்தில் எப்படிப் பேசுவது?

தலைமையாசிரியரிடம், "ஐயா, ஒரு சிறு விண்ணப்பம்" என்கிறோம், நண்பனிடம், "இங்கே வாடா!" என்கிறோம். ஆளுக்கேற்ற பேச்சு நல்ல பழக்கமே. ஆனால், ஆபத்து வேளையில் எந்தப் பேச்சு பொருத்தமானது?

1990 ஜனவரி 25 இரவு. கொலம்பியாவிலிருந்து புறப்பட்ட ஏவியாங்கா 52 விமானம் நியூயார்க்கை நெருங்கியது. வானிலை மோசமாக இருந்ததால், வழியில் மொத்தம் 1 மணி 17 நிமிடம் அது வானில் வட்டமிட நேர்ந்தது. எரிபொருள் குறைந்தது. துணை விமானி தரைக்கட்டுப்பாட்டாளரிடம் முன்னுரிமை கேட்டார். பின்னர் தரையிறங்கும் முதல் முயற்சியும் பலிக்கவில்லை.

நெருக்கடி நிலை என்று அறிவிக்கும்படி தலைமை விமானி கூறினார். துணை விமானியோ, "எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது" என்று மட்டுமே தெரிவித்தார். விமானத்துறையில் இதற்கென்றே உள்ள "எமர்ஜென்சி" என்ற சொல்லை அவர் சொல்லவேயில்லை. தரையிலிருந்தோருக்கு நிலைமையின் கடுமை விளங்கவில்லை. மீண்டும் சுற்றிவரச் சொன்னார்கள். நான்கு எஞ்சின்களும் நின்றன. விமானம் விழுந்து, 158 பேரில் 73 பேர் மாண்டனர்.

எரிபொருளைச் சரியாகக் கவனிக்காததோடு, நெருக்கடியை அறிவிக்காததும் காரணம் என்றது விசாரணைக் குழு.

மாணவர்களே! ஆய்வுக்கூடத்தில் கம்பி புகைந்தால், "ஐயா, ஏதோ வாடை வருவதுபோல..." என்று இழுக்காதீர்கள். "கம்பி புகைகிறது! மெயினை நிறுத்துங்கள்!" என்று உரக்கச் சொல்லுங்கள். எந்த ஆசிரியரும் கோபிக்கமாட்டார். அந்த நொடியில் தெளிவே மரியாதை!