தொட்டிக்கும் கைக்கும் உள்ள தூரம்

விரிவுரை முடிந்து வெளியே வருகிறீர்கள். கையில் பாதி குடித்த பழச்சாற்றுப் போத்தல். பக்கத்தில் இருப்பது சாதாரணக் குப்பைத்தொட்டி. நீல நிற மறுசுழற்சித் தொட்டியோ கீழ்மாடியில். அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது. போத்தல் எதில் விழும்?

மறுசுழற்சி நல்லது என்று தெரியாத பல்கலைக்கழக மாணவர் இருப்பது அரிது. தெரிந்தும் அது ஏன் பழக்கமாவதில்லை?

சமூக உளவியலாளர் ஐசெக் அய்சன் 1991ஆம் ஆண்டில் விளக்கி எழுதிய ‘திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு’ இதைப் புரிந்துகொள்ள உதவுகிறது. ஒன்றைச் செய்யும் எண்ணத்தை மூன்று அம்சங்கள் உருவாக்குகின்றன: அதைப் பற்றிய நம் கருத்து, நமக்கு வேண்டியவர்களின் எதிர்பார்ப்பு, அது நம்மால் முடியும் என்ற நம்பிக்கை. அறைத்தோழர் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிப் போட, தொட்டியும் தொலைவில் இருந்தால், நல்லெண்ணம் மட்டும் என்ன செய்யும்?

தூரத்தின் பங்கைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தனர். மாணவர் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருந்த தொட்டிகளை வாசலிலிருந்து 1.5 மீட்டர் தூரத்தில் வைத்தனர். மறுசுழற்சியின் அளவு இருமடங்குக்கும் மேல் கூடியது.

தொட்டியின் மூடியும் நம்மை வழிநடத்துகிறது. 2009ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பானக் கலன்களுக்கு வட்டத் துளை, காகிதத்துக்கு நீண்ட பிளவு எனத் தனித்தனி மூடிகள் பொருத்தப்பட்டன. பானக் கலன்களின் மறுசுழற்சி 34 விழுக்காடு உயர்ந்தது. தவறான பொருள்கள் விழுவது 95 விழுக்காடு குறைந்தது.

தவறான பொருள்கள் சிங்கப்பூருக்குப் பெரிய சிக்கல். இங்கே காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் எல்லாம் ஒரே நீலத் தொட்டியில்தான் சேர்கின்றன. அதில் விழுபவற்றில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு உதவாதவை என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். உங்கள் போத்தலில் மிஞ்சிய பழச்சாறு, வேறொருவர் அக்கறையோடு போட்ட தாள்களை நனைத்துக் கெடுத்துவிடும். கெட்டவை எரிக்கப்படும், சாம்பல் செமாக்காவ் குப்பை நிரப்பு நிலத்துக்குப் போகும். அந்நிலம் 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடும் என்பது கணிப்பு. இன்றைய முதலாண்டு மாணவருக்கு அப்போது ஏறத்தாழ முப்பது வயதுதான் இருக்கும்.

தொட்டியை இடம் மாற்றுவது உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். ஆனால், விடுதி அறையில் மேசைக்கு அருகே மறுசுழற்சிக்கென ஒரு பையை மாட்டி வைக்கலாம். மிஞ்சிய பானத்தை ஊற்றிவிட்டு, போத்தலை ஒருமுறை அலசி அதில் போடுங்கள். உணவுக்கறை படிந்த தாள், மெல்லிழைத்தாள், ஸ்டைரோஃபோம் ஆகியவை அதில் வேண்டாம். கீழே இறங்கும்போது பையையும் கொண்டு போங்கள். நாள்தோறும் அதைப் பார்க்கும் அறைத்தோழர் ஒருநாள் தம் போத்தலையும் அதில் போடக்கூடும்.